அச்சு பத்திரம்!

டிசம்பர் பிறந்ததும் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஏதாவது ஒரு பாத்திரக் கடைக்குள் நுழைந்து பாருங்கள். இடியாப்ப நாழிக்கும் பணியாரச் சட்டிக்கும் நடுவே, நீளமான கம்பி ஒன்றின் நுனியில் பூப் போன்ற இரும்பு ஒன்று தொங்கும். அச்சு முறுக்கு அச்சு. மலையாளிகள் ‘அச்சப்பம்’ என்பார்கள். பரங்கிமலை, பல்லாவரம் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் ‘ரோஸ் குக்கி’ என்று பெயர். கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டில் அதற்கு நிரந்தர இடம்.

இனிமேல் சொல்லப்போவதுதான் வேடிக்கை. இந்த அச்சை அப்படியே பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு சுவீடன் போங்கள். அங்கேயுள்ள ஒரு பாட்டியிடம் காட்டுங்கள். ‘அட, இது எங்க ஊர் ஸ்ட்ரூவா அச்சாச்சே!’ என்பார். நார்வே பாட்டி ‘ரோசெட்’ என்பார். அங்கேயும் கிறிஸ்துமஸுக்குத்தான் சுடுகிறார்கள். செய்முறையும் ஒன்றுதான். அச்சை எண்ணெயில் காய வைக்க வேண்டும். மாவில் முக்கால் உயரத்துக்கு மட்டும் முக்க வேண்டும். முழுக்க முக்கினால் போச்சு, மாவு அச்சைக் கவ்விக்கொண்டு விடாது. திரும்ப எண்ணெயில் இறக்கி லேசாக உதறினால் பூ கழன்று மிதக்கும். நம் வீட்டில் அரிசி மாவும் தேங்காய்ப் பாலும். அவர்கள் வீட்டில் கோதுமை மாவும் பசும்பாலும். வித்தியாசம் அவ்வளவுதான்.

உடனே, ‘தரங்கம்பாடிக்கு வந்த டேனிஷ்காரன் கொண்டு வந்து கொடுத்திருப்பான்’ என்று முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். இதே அச்சு இரானில் இருக்கிறது. மெக்சிகோவில் இருக்கிறது. இலங்கையில் ‘கொக்கிஸ்’ என்று சித்திரைப் புத்தாண்டுக்குச் சுடுகிறார்கள். அந்தப் பெயர் டச்சு மொழியிலிருந்து வந்தது. ஆகவே அச்சுக்கு யாரும் பட்டா போட முடியாது. நம் கேள்வியும் அதுவல்ல. ஊரை விட்டு ஆயிரக்கணக்கான மைல் போன பிறகும் ஒரு பண்டிகைப் பலகாரம் எப்படி உயிரோடு இருக்கிறது? சில வீடுகளில் இருக்கிறது, சில வீடுகளில் ஒரே தலைமுறையில் காணாமல் போகிறது. ஏன்?

மகனையும் மகளையும் நியூஜெர்சிக்கும் மெல்போர்னுக்கும் அனுப்பிவிட்டு, சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாக்களுக்கு இது வெறும் சரித்திரக் கேள்வி இல்லை.

முதலில் அந்த வடக்கத்திக்காரர்களின் (ரொம்ப ரொம்ப வடக்கு!) பண்டிகைச் சாப்பாட்டைப் பார்ப்போம். டென்மார்க், சுவீடன், நார்வே மூன்றிலும் கிறிஸ்துமஸின் உச்சம் 25-ம் தேதி அல்ல, 24-ம் தேதி மாலை. அந்தச் சாப்பாட்டில் முக்கியமான அயிட்டம் என்ன தெரியுமா? அரிசி! பாலில் குழைய வேக வைத்த அரிசிக் கஞ்சி. மேலே சர்க்கரையும் பட்டைத் தூளும், நடுவில் ஒரு வெண்ணெய்க் கட்டி. கிட்டத்தட்ட நம் பால் பொங்கல். வீட்டையும் தொழுவத்தையும் காக்கும் ‘நிஸ்ஸே’ என்கிற குட்டி தேவதைக்கு ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைப்பது பழைய வழக்கம். வைக்க மறந்தால் கோபித்துக்கொள்ளுமாம். படையல் போடத் தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டுமா என்ன?

டென்மார்க்கில் இதையே க்ரீம், பாதாம் எல்லாம் சேர்த்துப் பாயசம் மாதிரி ஆக்கி, ஒரே ஒரு முழு பாதாமை உள்ளே ஒளித்து வைப்பார்கள். யார் வாயில் அகப்படுகிறதோ அவருக்குப் பரிசு. கிடைத்தவர் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் வயிறு முட்டச் சாப்பிட்டுத் தேடுவார்கள்!

அப்புறம் பிஸ்கட்டுகள். டேனிஷ் ‘பெபர்நொடர்’ என்றால் மிளகுக் கொட்டை. சுவீடனின் ‘பெப்பர்காக்கா’ என்றால் மிளகு கேக். ரொட்டிகளில் ஏலக்காய். எல்லாவற்றிலும் பட்டை, கிராம்பு, இஞ்சி.

கவனித்தீர்களா? அரிசி, மிளகு, ஏலம், பட்டை, கிராம்பு. இதில் ஒன்றுகூட அந்தப் பனி தேசத்தில் விளையாது. எல்லாம் கப்பலேறிப் போனவை. விலை உயர்ந்தவை. அதனாலேயே அவை பண்டிகைக்கு என்று ஆயின. கிடைக்காததைத்தானே மனுஷன் பண்டிகைக்கு என்று எடுத்து வைக்கிறான்? அரிசிச் சோறே தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் என்று கம்பும் கேழ்வரகும் தின்று வாழ்ந்த நம் தாத்தா பாட்டிகளைக் கேட்டால் தெரியும்.

சரி, அந்த மிளகைத் தேடித்தான் கப்பல் கிளம்பியது. 1616-ல் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியான் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அனுமதி கொடுத்தார். 1618-ல் ஓவே கியெட்டே என்ற இளம் தளபதியின் தலைமையில் கப்பல்கள் புறப்பட்டன. 1620 நவம்பரில் தஞ்சை ரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம். தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது.

இங்கே தலைகீழ் மாற்றம் ஒன்று நடக்கிறது பாருங்கள். ஊரில் பொக்கிஷமாக இருந்த அரிசி, இங்கே அன்றாடக் கூழ். ஊரில் தங்கம் மாதிரி நிறுத்த மிளகு, இங்கே ரசத்தில். ஊரில் சர்வ சாதாரணமாகக் கிடைத்த ஆப்பிளும் கம்பு போன்ற ‘ரை’ தானியத்து ரொட்டியும் இங்கே கனவு. புலம்பெயர்ந்தவனின் பண்டிகைச் சமையலில் முதல் அடி இதுதான். சாதாரணம் அபூர்வமாகிவிடும், அபூர்வம் சாதாரணமாகிவிடும். கலிபோர்னியாவில் இருக்கும் உங்கள் மகள் முருங்கைக்கீரைக்கு ஏங்குவதும், இங்கே நாம் ஸ்ட்ராபெர்ரியை போட்டோ எடுத்து வைப்பதும் இதே கணக்குதான்.

தரங்கம்பாடியில் ஓர் ஆள் இருந்தார். பெயர் எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கெ. பெரிய படிப்பெல்லாம் இல்லாத சாதாரண மனிதர். ஐரோப்பாவில் போர், கம்பெனிக்கு நஷ்டத்துக்கு மேல் நஷ்டம், 1650-ல் கம்பெனியையே இழுத்து மூடிவிட்டார்கள். மூடிய செய்தியோடு தரங்கம்பாடியையும் மறந்துவிட்டார்கள். இங்கே இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போனார்கள், போனவர்கள் போக 1655-ல் மிஞ்சிய கடைசி டேனிஷ்காரர் இவர்தான். தஞ்சாவூர்க்காரர்கள் பாக்கியைக் கேட்டு முற்றுகை போட்டார்கள். மனிதர் அசையவில்லை. வங்கக் கடலில் போகிற வருகிற கப்பல்களை மடக்கினார். கிடைத்த சரக்கை விற்று ஊரைச் சுற்றி மதில் கட்டினார். கடைசியில் நாயக்கருடன் சமாதானமும் பேசினார். 1669 மே மாதம் கோபன்ஹேகனிலிருந்து ‘ஃபேரோ’ என்ற கப்பல் வந்து சேர்ந்தபோது கோட்டையில் டேனிஷ் கொடி பறந்துகொண்டிருந்தது. ‘நீர்தான் தலைவர்’ என்ற ராஜாவின் அங்கீகாரமும் அதே கப்பலில் வந்தது.

பதினான்கு வருஷம்! ராமன் காட்டில் இருந்த அதே கணக்கு. பதினான்கு டிசம்பர் 24-கள் அந்தக் கோட்டையில் வந்து போயிருக்கும். கொடியை ஒற்றை ஆளாகத் தூக்கிப் பிடிக்கலாம். மதிலை ஆள் வைத்துக் கட்டலாம். பாதாமை ஒளித்து வைத்து விளையாட ஓர் ஆள் போதாது. ஒளிப்பவர் ஒருவர், தேடுபவர் ஒருவர், இரண்டு பேராவது வேண்டும். கொடிக்கும் பண்டிகைக்கும் உள்ள வித்தியாசம் அது.

இன்னொரு விஷயம், காலண்டர். டென்மார்க் 1700-ல் புதிய கிரிகோரியன் காலண்டருக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து பிடிவாதமாக 1752 வரை பழைய காலண்டரிலேயே இருந்தது. இரண்டுக்கும் பதினோரு நாள் வித்தியாசம். இந்தக் கணக்குப்படி பார்த்தால், தரங்கம்பாடியில் கிறிஸ்துமஸ் விருந்து நடக்கும் அன்று, சென்னை ஜார்ஜ் கோட்டை வெள்ளைக்காரருக்கு டிசம்பர் 14-தான்! ஒரே சோழமண்டலக் கரை, ஒரே கடல், ஒரே ஏசு. தேதி மட்டும் வேறு. டேனிஷ் அரசர் நான்காம் ஃப்ரெடரிக் அனுப்பி 1706-ல் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்றதும், அச்சுக்கூடம் வைத்ததும், புதிய ஏற்பாட்டைத் தமிழில் கொண்டு வந்ததும் இந்த இரட்டைத் தேதிக் காலத்தில்தான்.

1845-ல் தரங்கம்பாடியை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டு டேனிஷ்காரர்கள் கிளம்பினார்கள். 225 வருஷக் குடித்தனம். கோட்டை நிற்கிறது, சர்ச் நிற்கிறது, கல்லறைகள் நிற்கின்றன. அடுப்பு மட்டும் அணைந்துவிட்டது.

வடக்கத்திக்காரர்கள் வருவது மட்டும் நிற்கவில்லை. ராஜாவின் ஆட்களுக்குப் பதிலாக மிஷன் ஆட்கள் வந்தார்கள். திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் பள்ளிக்கூடம். சிவகங்கைச் சீமை திருப்பத்தூரில் சுவீடிஷ் மிஷன் ஆஸ்பத்திரி. பரங்கிப்பேட்டையில் ஆன் மேரி பீட்டர்சன் என்ற டேனிஷ் பெண்மணி பெண்களுக்கென்று தேசியப் பள்ளி தொடங்கினார்; 1921-ல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் காந்தி. தமிழ் சுவிசேஷ லுத்தரன் சபைக்கு முதல் பிஷப்பாக 1921-ல் அமர்ந்தவர் எர்ன்ஸ்ட் ஹெய்மன், சுவீடன்காரர். பட்டம் என்ன தெரியுமா? ‘தரங்கை பிஷப்’. 1956-ல் ராஜா மாணிக்கம் வரும்வரை அந்த நாற்காலியில் சுவீடன்காரர்களே உட்கார்ந்தார்கள்.

நம் தாம்பரத்துக்கும் இந்தக் கதையில் ஒரு பக்கம் உண்டு. 1938-ல் சீனாவின் ஹாங்சௌ நகரில் உலக மிஷனரி மாநாடு நடப்பதாக இருந்தது. ஜப்பான் படையெடுப்பு குறுக்கே வந்தது. மாநாட்டை எங்கே மாற்றுவது? அதற்கு முந்தின வருஷம்தான் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி பாரிமுனையிலிருந்து கிளம்பி, கிழக்குத் தாம்பரத்துக் காட்டுக்குள் புது விடுதிகளோடு குடியேறியிருந்தது. டிசம்பர் 12 முதல் 29 வரை அங்கேதான் மாநாடு. 69 நாடுகளிலிருந்து 471 பிரதிநிதிகள். பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு எலெக்ட்ரிக் ரயில் ஓட ஆரம்பித்து ஏழே வருஷம் ஆகியிருந்த குட்டி ஊர் இது!

தேதியைப் பாருங்கள். கிறிஸ்துமஸ் நடுவில் வருகிறது. உலகின் எல்லா மூலையிலிருந்தும் வந்தவர்கள், வீட்டை விட்டு, ஐரோப்பாவில் அடுத்த யுத்தத்தின் வாடை அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், மார்கழி மாதத் தாம்பரத்தில் பண்டிகை கொண்டாடினார்கள். ஸ்டாக்ஹோமில் அந்த நாளில் மதியம் மூன்று மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அந்த இருட்டுக்காகவே மெழுகுவத்தி. தாம்பரத்தில் ஐந்தே முக்கால் வரை வெயில். தேவதாரு மரத்துக்குப் பதில் சவுக்குக் கிளை; இன்றும் நம் ஊர்க் குடில்களில் சவுக்குதானே? பொருள் மாறும். நாள் மாறாது.

பொருளைவிடக் கருவி முக்கியம் என்று நிரூபித்தவர்கள் அமெரிக்கா போன வடக்கத்திக்காரர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1930 வரை சுவீடனிலிருந்து மட்டும் பன்னிரண்டு லட்சம் பேருக்கு மேல் கப்பலேறினார்கள். வறுமைதான் காரணம். மின்னசோட்டா போன்ற மாநிலங்களில் நிலம் கிடைத்தது. 1946-ல் அங்கே மினியாபோலிஸில் டேவிட் டால்க்விஸ்ட் என்பவரும் அவர் மனைவி டோரதியும் ஒரு சின்னப் பாத்திரக் கம்பெனி ஆரம்பித்தார்கள். ‘நார்டிக் வேர்’ என்று பெயர். இன்று உலகம் முழுக்க விற்கும் கம்பெனி. ஆரம்பத்தில் அவர்கள் செய்து விற்றது என்ன? ரோசெட் அச்சு! அப்புறம், ‘ஏப்ளஸ்கீவர்’ சுடும் குழிச் சட்டி.

ஏப்ளஸ்கீவர் என்பது டென்மார்க்கின் டிசம்பர் பலகாரம். நம் குழிப்பணியாரச் சட்டி மாதிரியே சட்டி; நாம் குச்சியால் திருப்புகிறோம், அவர்கள் ஸ்வெட்டர் பின்னும் ஊசியால் திருப்புவார்கள். பெயருக்கு அர்த்தம் ‘ஆப்பிள் துண்டு’. இப்போது சுடுவதில் ஆப்பிள் இருப்பதில்லை. ஆப்பிள் போய்விட்டது, சட்டி இருக்கிறது, பெயர் இருக்கிறது, மாதம் இருக்கிறது. ஆகவே பண்டிகையும் இருக்கிறது. அம்மா கைப்பக்குவத்தைக் கடையில் விற்க முடியாது. அந்தப் பக்குவம் வந்து உட்காருவதற்கான இரும்பை விற்கலாம் என்று அந்தத் தம்பதிக்குப் புரிந்திருந்தது.

இதே பாடத்தை நம் பக்கத்திலேயே படித்தவர்கள் இருக்கிறார்கள். பல்லாவரத்தில் ‘வெட்டரன் லைன்ஸ்’ என்ற பகுதி உண்டல்லவா? ஓய்வு பெற்ற ஐரோப்பியச் சிப்பாய்களைக் குடியமர்த்திய இடம். பரங்கிமலையில் பீரங்கிப் படை. அப்புறம் ரயில்வே. இப்படித்தான் இந்தத் தெற்குப் புறநகரில் ஆங்கிலோ இந்தியர்கள் வேர் பிடித்தார்கள். பலர் பார்த்தே இராத ஒரு ‘ஹோம்’, பலர் கண்டே இராத பனி. ஆனாலும் அக்டோபர், நவம்பரிலேயே உலர்ந்த பழங்களை ரம்மில் ஊற வைத்துவிடுவார்கள். டிசம்பரில் ஒரு நாள் ‘கல்கல்’ போடும் நாள். கோவா வழியாக வந்த பலகாரம். மாவைச் சின்னச் சின்ன உருண்டையாக்கி, முள்கரண்டி முதுகிலோ புதுச் சீப்பிலோ அழுத்திச் சுருட்ட வேண்டும். தனி ஆள் செய்தால் விடிந்துவிடும். அதனால் வீட்டில் உள்ள பொடிசுகள் முதல் தாத்தா வரை மேஜையைச் சுற்றி உட்கார வேண்டும்.

1947-க்குப் பிறகு அந்த மேஜையைச் சுற்றி நாற்காலிகள் காலியாகத் தொடங்கின. பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா என்று குடும்பம் குடும்பமாகப் போனார்கள். 2020 ஜனவரியில் நாடாளுமன்றத்திலும் சட்டசபையிலும் அவர்களுக்கு இருந்த நியமன இடங்களும் முடிந்துபோயின. ஒரு சமூகத்தின் பெயர் அரசாங்க ஏட்டில் மங்கும்போது, அது எங்கே மிஞ்சும்? அடுப்படியில்தான். மெல்போர்ன் புறநகரில் கொளுத்தும் டிசம்பர் வெயிலில் இன்றும் ரோஸ் குக்கி சுடுகிறார்கள்.

நாம் மட்டும் சளைத்தவர்களா? மொரீஷியஸ் போன தமிழர்களைப் பாருங்கள். பல குடும்பங்களில் வீட்டுப் பேச்சில் தமிழ் போய் கிரியோல் வந்துவிட்டது. ஆனால் விசேஷம் என்றால் வாழை இலை. இலையில் ஏழு கறி. பேச மறந்த வாய் சாப்பிட மறக்கவில்லை.

நான் காமர்ஸ் படித்தவன். எதையும் வரவு செலவு எழுதிப் பார்க்கிற புத்தி. வீட்டில் அச்சு முறுக்கு சுடுவதை லாப நஷ்டக் கணக்கில் எழுதினால் சுத்த நஷ்டம். எண்ணெய், கேஸ், நாலு பேரின் அரை நாள், உடைந்து போகிற முதல் பத்து முறுக்கு! பேக்கரியில் பாக்கெட் வாங்கினால் வேலை முடிந்தது. ஆனால் ஐந்தொகையில் ஒரு சொத்து இருக்கிறதே, அந்த அச்சு? எந்த மெஷினை வாங்கினாலும் வருஷா வருஷம் தேய்மானம் எழுதுவோம். உலகத்திலேயே தேய்மானம் தலைகீழாக ஓடும் இயந்திரம் இது ஒன்றுதான். புது அச்சு மாவை விடாது. கழுநீரில் ஊற வைத்து, எண்ணெயில் காய்ச்சி, வருஷக் கணக்கில் பழக்கினால்தான் பூ பூவாக உதிரும். பாட்டியின் அச்சு பேத்தியின் கையில்தான் நன்றாகச் சுடும்.

மொத்தக் கதையையும் பிழிந்தால் மூன்று விஷயம் தேறுகிறது. ஒன்று, கருவி. இரண்டு, தேதி: ‘ஒரு நாள் செய்யணும்’ என்றால் நடக்காது, ‘இந்த நாள்’ என்று குறித்தால் நடக்கும். மூன்று, குழந்தைக்கு ஒரு வேலை. பாதாம் தேடுவதோ, கல்கல் சுருட்டுவதோ, நம் வீட்டில் கொழுக்கட்டைக்குச் சொப்பு பிடிப்பதோ. சும்மா தட்டில் வைத்துக் கொடுத்த பலகாரத்தைக் குழந்தை மறந்துவிடும். தன் கையால் கோணல் மாணலாகச் செய்ததை எழுபது வயசிலும் சொல்லும்.

ருசி இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். நார்வேக்காரர்களின் ‘லூட்டஃபிஸ்க்’ என்று ஒன்று உண்டு. காய்ந்த காட் மீனைக் காரத் தண்ணீரில் ஊறப் போட்டு, கொழகொழவென்று ஆக்கி, அப்புறம் வேக வைப்பது. நாற்றம் ஊரைக் கூட்டும். அமெரிக்க நார்வேக்காரர்களே அதை வைத்து ஆயிரம் ஜோக் அடிப்பார்கள். ஆனால் மின்னசோட்டாவில் சர்ச் ஹாலில் லூட்டஃபிஸ்க் விருந்து என்றால் வரிசையில் நிற்பார்கள். ருசிக்காகவா நிற்கிறார்கள்? ம்ஹூம். பக்கத்தில் நிற்கும் ஆளுக்காக.

அடுத்த தடவை பிள்ளைகள் ஊருக்கு வந்து திரும்பும்போது, 23 கிலோ பெட்டியில் பருப்புப் பொடியும் ஊறுகாயும் அடைப்பீர்கள். அதெல்லாம் ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். பரணில் ஏறிப் பாருங்கள். துணியில் சுற்றி, எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு முறுக்கு உழக்கோ, அச்சோ, அதிரசக் கட்டையோ கிடக்கும். அதை எடுத்துக் கொடுங்கள். கூடவே ஒரு தேதியையும் சொல்லிக் கொடுங்கள். கனமாக இருக்கிறது என்று முணுமுணுப்பார்கள்தான். இரும்பு கனக்கத்தானே செய்யும்?